உன் பெயருக்குக் கீழே வரும் சொல்

கண்ணு, இங்கே உங்கப்பாவும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம். மழை விட்டுவிட்டது, காப்பிப் பழம் சிவந்துவிட்டது, எஸ்டேட்டில் பறிப்பு ஆரம்பித்தாயிற்று. ஆகையால் நல விசாரிப்பை இத்தோடு முடித்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குக் கீழே 'செவிலியர்' என்று போட வேண்டாம் என்று உன் மாமனாராகப் போகிறவர் கேட்டதும், நீ 'சரிங்க' என்று தலையாட்டியதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, இந்த வேலையையே விட்டுவிட்டு மருந்துக் கம்பெனிக்குப் பை தூக்கப் போகிறேன் என்று உங்கப்பாவிடம் சொன்னாயாமே, அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. போனில் ஆரம்பித்தால் 'டூட்டிக்கு நேரமாச்சும்மா' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைக்க முடியாது அல்லவா? உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

அன்றைக்கு ஜீப்பில் நடந்ததை உன்னைவிட நான் நன்றாகப் பார்த்தேன். நீ வேலையில் இருந்தாய், நான் வேடிக்கையில் இருந்தேன். உனக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கத்தான் இரண்டு பேரும் சேலத்துக்குக் கிளம்பினோம். மழையில் அடிவாரத்துப் பாதையில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை என்றதும் குப்பனூர் வழியாகப் போகிற ஜீப்பில் ஏறினோம். நடுவழியில் கைகாட்டி ஏறினவள்தான் செல்வி, நிறைமாதம், கூட அவள் புருஷன் மாதேசு. நாலைந்து வளைவு இறங்குவதற்குள் அவள் என் தோளைக் கடித்துவிட்டாள். நீ ஜீப்பை ஓரம் கட்டச் சொன்னாய், ஆண்களையெல்லாம் இறங்கித் திரும்பி நிற்கச் சொன்னாய், தார்ப்பாயை இறக்கிவிட்டாய். என்னிடம் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாய். அந்தக் குரலில் நீ என்னிடம் பேசியதே இல்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது, என்னடா அம்மாவை அதிகாரம் செய்கிறான் என்று. பிறகுதான் புரிந்தது, அங்கே நான் அம்மா இல்லை, இன்னொரு ஜோடிக் கை.

குழந்தை வந்ததும் நான் அழுதேன், மாதேசு அழுதான், நீ அழவில்லை. துடைத்தாய், அழ வைத்தாய், செல்வியின் நெஞ்சில் போட்டு அவள் சேலையாலேயே மூடினாய். டிரைவர் ஆர்வத்தில் பிளேடை எடுத்துக்கொண்டு தொப்புள்கொடி அறுக்க வந்தபோது, "அதைக் கிட்ட கொண்டு வராதீங்கண்ணா, வண்டியை எடுங்க" என்று ஒரு அதட்டல் போட்டாயே, அந்த ஆள் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். கீழே ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் வயிற்றில் கை வைத்து அழுத்திவிட்டுக்கொண்டே, ரத்தம் அதிகம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாய். உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பட்டுச்சேலை எடுக்க வைத்திருந்த புது மஞ்சப்பையில்தான் குழந்தையின் காலைச் சுற்றினேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது சாமி. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இனிமேல்தான் கூத்து. பின்னால் நின்ற காரில் வந்த டூரிஸ்ட் பையன்கள் தார்ப்பாய் இடுக்கில் தெரிந்த உன் முதுகைப் போனில் படம் பிடித்துக்கொண்டே, "அவர் யாரு, டாக்டரா?" என்று கேட்க, நம் டிரைவர், "ஆமாங்க, நம்ம டாக்டர் தம்பிதானுங்க" என்று சொல்லிவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. நம் மலையில் கணக்கு அப்படி. ஊசி பிடித்த கை ஆண் கையாக இருந்தால் அவர் டாக்டர், பெண் கையாக இருந்தால் அவர் நர்சம்மா. போன வருஷம் எஸ்டேட்டுக்கு மருத்துவ முகாம் போட வந்த லேடி டாக்டரை நாள் முழுக்க எல்லாரும் நர்சம்மா, நர்சம்மா என்றே கூப்பிட்டோம். பாவம், அந்தப் பொண்ணும் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அவ்வளவு எதற்கு, உங்கப்பாவைக் கேள். மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து அவர் காலை உடைத்துக்கொண்டு சேலத்தில் கிடந்தபோது, அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, மலம் எடுத்து, நடக்கப் பழக்கியது ஒரு ஆண் நர்ஸ். பெண் நர்ஸ் வந்தால் உங்கப்பா வெட்கத்தில் சாப்பிடாமலே கிடப்பார், வயிற்றுக்குப் போனால்தானே அந்தத் தொல்லை என்று. அந்தத் தம்பி வந்த பிறகுதான் வாய் நிறையச் சாப்பிட்டார். நீ பள்ளிக்கூடத்துப் பையோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தத் தம்பி கட்டுப் போடுவதையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாய். நீ இந்தப் படிப்புக்குப் போனதே அவரைப் பார்த்துத்தான். ஆனால் உங்கப்பா இன்றைக்கும் அவரை என்ன சொல்கிறார் தெரியுமல்லவா? "என்ற காலை நேராக்கிக் குடுத்த டாக்டரு."

நம் ஆட்கள் சொன்னால் அது எஸ்டேட் லயத்தில் நாலு வீட்டோடு போய்விடும். டிவி சொன்னால் உலகத்துக்கே போகிறது. மறுநாள் காலையில், 'நடுரோட்டில் பிரசவம் பார்த்த இளம் மருத்துவர்' என்று உன் முதுகைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வேலைக்கு வரிசை கட்டி நிற்கிற பெரட்டில் ஆள் எண்ணிக்கை எடுக்க வந்த எஸ்டேட் ரைட்டர் என்னைப் பார்த்து, "ஏனுங்க டாக்டரம்மா, இன்னைக்குமா கூடை தூக்கறீங்க?" என்று கேட்டார். நானும் பல்லைக் காட்டினேன். இல்லீங்க, என் மகன் நர்ஸுங்க என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, பக்கத்தில் நின்றவர்கள் பார்த்த பார்வை அவ்வளவு இனிப்பாக இருந்ததால் முழுங்கிவிட்டேன். நீதான் முழுங்கவில்லை. அன்று சாயங்காலமே அந்தச் சேனலுக்குப் போன் போட்டு, நான் டாக்டர் இல்லை, செவிலியர், தயவுசெய்து திருத்திப் போடுங்கள் என்று சொன்னாய். அதைக் கேட்டு எனக்கு முகம் சுருங்கிப்போனது என்றாலும், வளர்த்தது வீண் போகவில்லை என்றும் தோன்றியது.

அவர்கள் திருத்திய லட்சணம்தான் லட்சணம். 'மருத்துவர் அல்ல! ஜீப் பிரசவத்தில் வெளிவந்த அதிர்ச்சித் தகவல்!' திகில் படத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு மியூசிக். மைக்குக்கு முன்னால் மாதேசு முகம், 'எங்களுக்கு டாக்டருன்னுதான் சொன்னாங்க' என்று ஒரு துண்டுப் பேச்சு. உன் முதுகைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். முந்தின நாள் அதே முதுகைச் சுற்றிப் பூ போட்டிருந்தார்கள். அடப்பாவிகளா, அதே கை, அதே குழந்தை, அதே மழை. மாறினது ஒரு சொல்தானே? நீயே போன் செய்து சொன்னாய் என்று ஒரு வரி போட்டார்களா? இல்லை. அந்த வீடியோவுக்குக் கீழே ஆளாளுக்கு எழுதினதையெல்லாம் நீ படித்துப் படித்து எனக்கும் அனுப்பினாய். ஆம்பளை நர்ஸா என்று சிரித்தவர்கள் பாதிப் பேர், டாக்டர் மாதிரி நடித்தவனை உள்ளே தள்ளு என்றவர்கள் மீதிப் பேர். இவர்களுக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நானும்தான் வேலை முடிந்து வந்து சீரியல் பார்க்கிறேன். அதில் நர்ஸ் என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிற பெண். வாயைத் திறந்தால் "பேஷண்ட் கண் முழிச்சுட்டாங்க டாக்டர்" என்று ஒரே ஒரு வசனம். அந்தப் பேஷண்ட் கண் முழிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருந்து யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எந்த சீரியலும் கேட்காது. ஆண் நர்ஸ் வந்தால் அது சிரிப்புக் காட்சி என்று மியூசிக்கே சொல்லிவிடும். வருஷக்கணக்காக அதைப் பார்த்த கண்ணுக்கு, ஜீப்பில் உன்னைப் பார்த்தால் ஒன்று டாக்டராகத் தெரிவாய், இல்லாவிட்டால் திருடனாகத் தெரிவாய். நடுவில் உட்கார இடமே வைக்கவில்லை.

புகழ்ந்தாலும் அதே கதைதான். கொரோனா வந்தபோது நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. டிவியில் உங்களையெல்லாம் கடவுள் என்றார்கள், தேவதை என்றார்கள், பூத் தூவினார்கள். அதே வாரம்தான் நீ தங்கியிருந்த ரூமின் ஓனர், "தம்பி, குழந்தைக இருக்கற ஊடுங்க, வேற எடம் பாத்துக்குங்க" என்று சொன்னார். நீ பெட்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாய். கடவுளுக்கு வாடகைக்கு வீடு தேவைப்படும், பசிக்கும், கால் வலிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே அவர்கள் தூக்கி வைத்தால் துள்ளாதே, இறக்கி விட்டால் உடையாதே. இரண்டு நேரத்திலும் அவர்கள் உன்னைப் பார்க்கவே இல்லை.

இனி நம் சம்பந்தி விஷயம். அவர் கெட்டவர் இல்லை. அடிவாரத்தில் சிமெண்ட் கடை வைத்து நாலு பேரிடம் பேசிப் பிழைக்கிறவர், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவருக்கு எல்லாமே. பெண் பார்க்க வந்த நாளிலேயே நீ நர்ஸ் என்று தெரிந்துதான் சம்மதித்தார். ஆனால் சொந்தக்காரர்களிடம், "மாப்பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில இருக்காருங்க" என்று மட்டும் சொல்லி, மிச்சத்தை அவர்கள் கற்பனைக்கு விட்டுவிட்டார். முதல் நாள் டிவி வந்ததும் குளிர்ந்துபோய், உன் முதுகுப் படத்தைப் போட்டு 'எங்கள் மருமகன், மலை மக்களின் மருத்துவர்' என்று பிளக்ஸ் அடித்துக் கடை முன்னால் கட்டியேவிட்டார். மறுநாள் கழற்ற வேண்டியதாயிற்று. மனுஷன் எவ்வளவு நொந்திருப்பார், அதுவும் எனக்குப் புரிகிறது. "ஏனுங்க சம்மந்தி, அது பாட்டுக்கு டாக்டருன்னு இருந்துட்டுப் போவட்டுமேங்க, மாப்பிள்ளை எதுக்குங்க போன் போட்டுத் திருத்தோணும்? கடைக்கு வர்றவிகளுக்கு நான் என்னன்னு பதில் சொல்லறது?" என்று என்னிடம் அழாத குறையாகக் கேட்டார். அதற்கப்புறம்தான், பத்திரிகையில் பேர் மட்டும் போதும், வேலை வேண்டாம் என்ற யோசனை. நீயும் சரி என்றுவிட்டாய். நானும் அன்றைக்கு, கல்யாணம் நல்லபடியாக நடந்தால் போதும் என்று சும்மாதான் இருந்தேன். செல்வி வீட்டுக்குப் போயிராவிட்டால் இன்னமும் சும்மாதான் இருந்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்கலாமென்று போனேன். உன் பேரைத்தான் வைத்திருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு ஆசை வேறு. அதெல்லாம் இல்லை, சேர்வராயன் பேரை வைத்துவிட்டார்கள், சாமி முந்திக்கொண்டது. குழந்தை கொழுக்கட்டை மாதிரி இருக்கிறான். ஆனால் செல்வி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். தொட்டேன், கை சுட்டது. அடிவயிறு வலிக்கிறது என்று முனகுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று மாதேசிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "போனமுங்கக்கா. உள்ள ஆம்பள நர்ஸுதான் இருந்தாரு. எங்கம்மா வேண்டாம்னுட்டாங்க, திரும்பி வந்துட்டமுங்க. டிவில அப்படிச் சொல்றாங்களேங்க, டாக்டர் இல்லாதவங்க கையப் பட விட்டதே தப்புன்னு."

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும், எதிரில் நின்றவன் என் வயிற்றில் பிறந்திருந்தால் ஒன்று வைத்திருப்பேன். "ஏன்டா சாமி, அந்த டிவில வந்து பேசுனதே நீதானே?" என்றேன். உண்மையில் அவன் பேசினது என்ன தெரியுமா? செல்வியே சொன்னாள். மைக்கை நீட்டினவர்களிடம், "எங்களுக்கு டாக்டருன்னுதான் சொன்னாங்க, யாரா இருந்தா என்னங்க, ரெண்டு உசுரைக் காப்பாத்திக் குடுத்தாரு" என்று இவன் சொல்லியிருக்கிறான். முதல் பாதியை மட்டும் போட்டு, மறு பாதியை வெட்டிவிட்டார்கள். இவன் தன் முகத்தையே டிவியில் பார்த்துப் பார்த்து, ஊரும் கேலி பேசப் பேச, தான் சொன்னது அவ்வளவுதான் என்று தானே நம்ப ஆரம்பித்துவிட்டான். மனுஷனுக்குத் தன் வாயில் வந்ததே மறந்துபோகும்படி ஆக்கிவிட்டார்களே! செல்வியிடமும் கேட்டிருக்கிறார்கள், ஆம்பளை நர்ஸ் பிரசவம் பார்த்தது கூச்சமாக இல்லையா என்று. "வலியில கெடந்தவளுக்கு என்னங்க கூச்சம்? பயப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்னு ஒருத்தரு சொன்னாரு. எனக்கு அது போதுமுங்க" என்றாளாம். அதைப் போடவே இல்லை.

"நீ ஜீப்பக் கூப்புடறயா, இல்ல நான் இவளத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கட்டுமா?" என்று கேட்டேன். ஜீப் வந்தது. அவன் அம்மா வாசலில் நின்று ஏதோ முணுமுணுத்தாள், நான் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் அதே ஆண் நர்ஸ்தான், உன்னைவிடச் சின்னவன். எங்களைப் பார்த்ததும் தயங்கி, தள்ளியே நின்று, "பெண் ஸ்டாஃப் மத்தியானம்தானுங்க வருவாங்க. பரவாயில்லீங்களா?" என்று மாதேசைப் பார்த்துக் கேட்டான். வேலை தெரிந்த பிள்ளை, வேலை செய்யப் பயந்துகொண்டு நிற்கிறான். மாதேசு வாயைத் திறப்பதற்குள் செல்விதான், "பாருங்க தம்பி, எனக்கு முடியல" என்று கையை நீட்டினாள். காய்ச்சல் பார்த்து, உள்ளே போய் டாக்டரை அழைத்து வந்து, அவர் சொன்னபடி ஊசி போட்டு, பாட்டில் ஏற்றினான். பிரசவத்துக்கு அப்புறம் வருகிற புண் காய்ச்சல், இன்னும் இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று அந்த டாக்டரம்மா மாதேசைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். இப்போது தேறிவிட்டாள். நேற்று ஒரு சட்டி கேழ்வரகுக் களியைத் தனியாளாகத் தின்றாளாம்.

திரும்பி வரும்போது ஜீப்பில் உன்னைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன் கண்ணு. ஒரு சொல்லை டிவி தப்பாகச் சொல்லியதற்கு ஒருத்தி காய்ச்சலில் கிடந்தாள். அந்தச் சொல்லை நாமே மறைத்தால் இன்னும் எத்தனை செல்வி கிடப்பாள்? நர்ஸ் என்று சொல்ல நர்ஸே கூசினால், மாதேசு எப்படி நம்புவான்? உடம்பு முடியவில்லை, இரவு டூட்டி ஒத்துக்கொள்ளவில்லை, வேறு வேலை மனசுக்குப் பிடித்திருக்கிறது என்று விட்டால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். எவனோ சிவப்பு வட்டம் போட்டான் என்பதற்காக விட்டால் கேட்பேன்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, உங்கப்பாவோடு அடிவாரம் போய்ச் சம்பந்தியைப் பார்த்தேன். செல்வி கதையைச் சொன்னேன். அவர் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ கேட்கிற மாதிரி எழுந்து எழுந்து போனார். வீட்டுக்குள்ளிருந்து நம் மருமகளாகப் போகிற இந்துமதி காப்பியோடு வந்தாள். சாதுப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியெல்லாம் இல்லை, உனக்கு நல்ல காலம்தான். "எங்கிட்ட அவரு மொத நாளே நர்ஸுன்னு சொல்லீட்டாருங்க அத்தை, நானும் அதுக்குத்தான் சரின்னேன். இப்ப அப்பாவுக்காகப் பேருக்குக் கீழ இருக்கறத அழிச்சுட்டா, நாளைக்கு எனக்காக எதை அழிப்பாரோ?" என்றாள். அப்பனைப் பார்த்துச் சொன்னதா, உன்னை நினைத்துச் சொன்னதா என்று தெரியவில்லை. உங்கப்பா, நாற்காலியில் அதுவரை வாயே திறக்காதவர், "என்ற காலை நேராக்குனது ஒரு நர்ஸுங்க சம்மந்தி" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவர் வாயில் வந்தது. சம்பந்தி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு ஊட்டுப் பத்திரிகைல என்ன போடறதுன்னு யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். அவர் யோசிக்கட்டும், நான் அவசரப்படுத்தவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை என் இஷ்டம். அதில் உன் பெயருக்குக் கீழே செவிலியர் என்று போட்டு அச்சுக்குக் கொடுத்தாயிற்று. வேலையை விடுவதா, வேண்டாமா என்பது உன் இஷ்டம், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அப்புறம், மண்டப வாசலுக்கு ஒரு பிளக்ஸும் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை முதுகு இல்லை, நீ யூனிபாரத்தில் நேராகப் பார்த்துச் சிரிக்கிற படம், கீழே அதே சொல், ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே படிக்கிற மாதிரி. சங்கடமாக இருந்தால் நீயே ஏணி போட்டு ஏறிக் கழற்றிக்கொள். ஆனால் முதலில் அதைக் கட்டுகிறவனிடம் பேசிவிட்டு ஏறு. நேற்று வீடு தேடி வந்து, நான் கூப்பிடாமலே, ஏணியும் கயிறும் தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போய், முந்தின நாளே வந்து நிற்கப் போகிறவன் மாதேசு.

அம்மா